நெல்லின்மேல் படுதா, படுதாவின்மேல் அப்பா

திருத்துறைப்பூண்டிப் பக்கத்துக் கடைமடைக் கிராமம் ஒன்றிலிருந்து 26 வயதுப் பெண் ஒருவர் கேட்டிருக்கும் கேள்விக்கு இங்கே பதில் எழுதுகிறேன். திருவாரூரில் ஓர் எழுத்தாளரின் உரையைக் கேட்கப் போயிருக்கிறார். "உன்னைத் தவிர வேறு யாராலும் எழுத முடியாததை எழுது" என்று அவர் முடித்தபோது, அரங்கம் கைதட்டவே மறந்து ஒரு கணம் உட்கார்ந்திருந்ததாம். வீட்டுக்கு வந்தவர் மூன்று வாரமாகக் குறிப்பேட்டை விரித்து வைத்துக்கொண்டு உட்காருகிறார். எழுத வருவதெல்லாம் அந்தப் பேச்சாளரின் குரலாக இருக்கிறது. அதை விலக்கினால் ஒன்றுமே வரவில்லை. எனக்கென்று ஒரு குரல் உண்டா, என் வாழ்க்கையில் எழுதும்படி என்ன இருக்கிறது, வீட்டு விஷயத்தை வெளியில் சொல்லலாமா, எழுதினாலும் யார் படிப்பார்கள் என்று நான்கு கேள்விகளை ஒரே மூச்சில் கேட்டு, தான் எழுதிப் பார்த்த ஒரு பக்கத்தையும் இணைத்திருக்கிறார்.

நான் எழுத்தாளர் இல்லை. கும்பகோணத்துக்கும் மயிலாடுதுறைக்கும் இடைப்பட்ட ஊர்களில் கிளை நூலகராக 31 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். வாசகர் வட்டக் கூட்டங்களுக்குப் பேச்சாளரை அழைப்பது, ஒலிபெருக்கிக்காரரிடம் பேரம் பேசுவது, சொம்பில் தண்ணீர் வைப்பது, கூட்டம் முடிந்ததும் நாற்காலிகளை எண்ணித் திருப்பி அனுப்புவது ஆகிய எல்லாவற்றையும் செய்திருக்கிறேன். ஆகவே மேடையில் நின்றவர்களைப் பற்றி, மேடைக்குப் பக்கவாட்டில் நின்று பார்த்தவள் என்ற முறையில்தான் சொல்ல முடியும்.

முதலில் அந்த உரையைப் பற்றி. நல்ல பேச்சைக் கேட்டுவிட்டு வந்த இரவில் நமக்குள் பெருகுவது என்னவென்று விளக்க, எங்கள் பகுதி மேடைகளில் உடனே மேட்டூர் அணையைத் திறந்துவிடுவார்கள். பாசனத்துக்கு அணை திறக்கும் நாளான ஜூன் 12ஐ இழுக்காமல் இறங்குகிற பேச்சாளரை நான் அதிகம் பார்த்ததில்லை. அந்த உவமையை அவர்களுக்கே விட்டுவிடுகிறேன். நான் கவனித்தது வேறு. ஒரே எழுத்தாளரின் ஒரே உரையை மூன்று ஊர்களில் கேட்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. தன் தாயின் கடைசி நாளைச் சொல்வதற்கு முன்பு அவர் ஒரு முறை மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். முதல் ஊரில் அதைப் பார்த்து நான் கண்கலங்கினேன். மூன்றாவது ஊரில், அதே வாக்கியத்தின் அதே இடத்தில் கண்ணாடி கழன்றது. இதை ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். அந்தத் துயரம் உண்மையானது, அதைச் சொல்லும் விதம் பலமுறை சொல்லிச் சொல்லிச் செதுக்கப்பட்டது. நீங்கள் திருவாரூரில் கேட்டதும் அப்படி இருபது, முப்பது மேடைகளில் தேய்ந்து பளபளப்பான ஒன்றாகத்தான் இருக்கும். அதைக் கேட்டுவிட்டு வந்து, முதல்நாள் இரவில் எழுதிய முதல் பக்கத்தை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் யாருக்கும் கை உதறத்தான் செய்யும்.

இன்னொன்றும் உண்டு. தஞ்சை மண்ணில் கேட்பதே ஒரு முழுக்கலை. மராத்தியர் வழியாக வந்த கீர்த்தன மரபைத் தஞ்சாவூர் கிருஷ்ண பாகவதர் தமிழ்க் கதாகாலட்சேபமாக வளர்த்தெடுத்த காலத்திலிருந்து, அதற்கும் முன்பிருந்தே, கோயில் வெளியில் உட்கார்ந்து இரவு முழுக்கக் கேட்கப் பழகிய காதுகள் இவை. இதில் ஒரு பெரிய வரமும் ஒரு சிறிய ஆபத்தும் இருக்கின்றன. கச்சேரி கேட்டுவிட்டு "இன்றைக்குத் தோடி நன்றாக இருந்தது" என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போவதுபோல, உரையையும் கேட்டுவிட்டு நிறைவோடு தூங்கிவிடுகிற ரசிகர்கள் நாங்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் நாற்பது ஆண்டுகளாக ஒரு கூட்டம் விடாமல் போய்வருகிறார். எந்த எழுத்தாளர் எங்கே தடுமாறினார் என்பதுவரை நினைவில் வைத்திருக்கிறார். ஒரு வரி எழுதியதில்லை, எழுதாததில் அவருக்கு வருத்தமும் இல்லை. அதில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் உங்களுக்கு மூன்று வாரமாகத் தூக்கம் வரவில்லை என்றால், நீங்கள் அந்த வகை இல்லை என்பது தெளிவு.

என் கதையைக் கொஞ்சம் சொல்லிக்கொள்கிறேன், உங்கள் நிலையை நான் அறிவேன் என்று நம்புவதற்காக. 1979ஆம் ஆண்டு. கும்பகோணத்தில் நான் கல்லூரி முதலாண்டு படித்துக்கொண்டிருந்தபோது ஓர் எழுத்தாளர் பேச வந்தார். மின்சாரம் போய்விட்டது, பெட்ரோமாக்ஸ் விளக்கைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார்கள். ஒலிபெருக்கி இல்லாததால் அவர் குரலைத் தாழ்த்திப் பேச, முந்நூறு பேர் மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டோம். தன் இளமையில் தனியாகச் செய்த ஒரு நீண்ட ரயில் பயணத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். எங்கள் ஊருக்குப் போகும் கடைசி சோழன் பேருந்து எட்டு மணிக்கு. ஏழே முக்காலுக்கு நான் எழுந்து, எல்லோர் காலையும் மிதித்துக்கொண்டு வெளியே ஓடினேன். அவர் எப்படி முடித்தார் என்று எனக்குத் தெரியாது. பல ஆண்டுகள் கழித்து, அன்று கடைசிவரை இருந்த ஒரு தோழியிடம் கேட்டேன். "கல்லூரி நிர்வாகத்துக்கு நன்றி சொன்னார்" என்றாள்.

அந்த இரவே பன்னிரண்டு பக்கம் எழுதினேன். ரயில் பயணம்! அதுவரை நான் ரயிலில் ஏறியது இரண்டே முறை, இரண்டும் மாயவரத்துக்கு. தபால்தலை ஒட்டிய உறையை உள்ளே வைத்து ஒரு பத்திரிகைக்கு அனுப்பினேன். அது கிழியாமல், மடிப்புக் கலையாமல் திரும்பி வந்தது. இருபது ஆண்டுகளுக்குப் பிறகு பரணில் அந்தத் தாள்கள் கிடைத்தபோது படித்துப் பார்த்தேன். அந்தப் பேச்சாளர் ஒவ்வொரு மூன்றாவது வாக்கியத்தின் முடிவிலும் "இல்லையா?" என்று ஒரு சொல் போடுவார். என் பன்னிரண்டு பக்கங்களிலும் "இல்லையா?" இருந்தது.

ஆனால் அன்று மாலையில் இன்னொன்றும் நடந்திருந்தது. அதை அப்போது நான் பொருட்படுத்தவில்லை. அவர் ரயிலைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தபோது, என் மனம் பாதிநேரம் எங்கள் ஊர் மதகடியில் நின்றுகொண்டிருந்தது. நான் தாமதமாக வரும் நாள்களில் என் தந்தை அங்கே பேட்டரி விளக்கோடு வந்து நிற்பார். விளக்கைப் பேருந்தை நோக்கி அடிக்க மாட்டார். தன் காலடியில் அடித்துக்கொண்டிருப்பார். தூரத்திலிருந்து பார்க்கும்போது ஆள் தெரியாது, ஒரு வட்ட வெளிச்சமும் இரண்டு செருப்புகளும் மட்டும் தெரியும். பேச்சில் கவனம் சிதறிவிட்டதே என்று என்னை நானே கடிந்துகொண்டு அந்தச் செருப்புகளை விரட்டிவிட்டு, ரயிலுக்குத் திரும்பினேன்.

நான் எழுதியிருக்க வேண்டியது அந்தச் செருப்புகளை. நல்ல உரையின் பயன் அது சொல்லும் கருத்துகளில் இருப்பதைவிட, கேட்கிறவரின் மனம் நடுவில் எங்கே நழுவிப்போகிறதோ அங்கே இருக்கிறது என்பது என் முடிவு. ஆகவே அந்தப் பேச்சிலிருந்து நீங்கள் எடுத்த குறிப்புகளை ஓரமாக வைத்துவிட்டு இதை மட்டும் நினைவுபடுத்திப் பாருங்கள்: அவர் பேசும்போது, உங்களை அறியாமல், உங்கள் வீட்டில் எந்த மூலை, எந்த ஆள், எந்த ஓசை நினைவுக்கு வந்தது? உரை முடிந்து வெகுநாள் ஆகிவிட்டால் அது மறந்துவிடும். மூன்று வாரம் அதிகமில்லை.

எனக்கென்று ஒரு குரல் உண்டா என்ற கேள்விக்கு, எங்கள் ஊர்ப்பக்கத்துப் பொருள் ஒன்றையே காட்டுகிறேன். நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் நாதஸ்வரம் செய்கிறார்கள். பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கும் தூண்களையும் உத்தரங்களையும் வாங்கிவந்து கடைகிறார்கள், ஏனென்றால் பல காலம் காய்ந்த மரம்தான் நாதம் கொடுக்கும். 2022இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனால் கருவி எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும், வாயில் வைத்து ஊதுகிற சீவாளி இல்லாமல் அது வெறும் குழல். அந்தச் சீவாளியைப் பக்கத்துத் திருவாவடுதுறையில் ஆற்றங்கரை நாணல்தட்டையிலிருந்து செய்கிறார்கள். கருவியோடு சேர்த்து நூலில் கட்டி நான்கைந்து சீவாளிகள் தொங்குவதைக் கோயிலில் பார்த்திருப்பீர்கள். வித்துவான் புதிய சீவாளியை வாங்கியவுடன் கச்சேரியில் எடுத்துவிட மாட்டார். எச்சிலில் ஊறவைப்பார், ஊதிப் பார்ப்பார், வாய்க்குப் பொருந்தும்வரை பழக்குவார். ஒருவருக்குப் படிந்த சீவாளி இன்னொருவருக்குச் சரிப்படுவதில்லை. நாதஸ்வரம் பொதுவானது, ராகம் பொதுவானது, வாசிக்கிற கீர்த்தனை இருநூறு ஆண்டுகளாக எல்லோரும் வாசித்தது. தனக்கே உரியது என்று அவரிடம் இருப்பது உதட்டில் இருக்கும் அந்தச் சிறிய தட்டைதான். நீங்கள் அந்தப் பேச்சாளரின் குரலில் எழுதுவதைப் பற்றி வெட்கப்பட வேண்டாம். புதுச் சீவாளி முதலில் கீச்சென்றுதான் கத்தும். ஊறாமல் மேடை ஏறினால்தான் பிழை.

இப்போது நீங்கள் இணைத்த பக்கத்துக்கு வருகிறேன். கடுமையாகச் சொல்வதற்கு மன்னியுங்கள். அது இப்படித் தொடங்குகிறது: "வானம் தன் துயரத்தைப் பூமியின்மேல் எழுதிக்கொண்டிருந்த ஒரு மாலைப் பொழுதில், என் ஆன்மா தன் மொழியைத் தேடிப் புறப்பட்டது." இலக்கணப் பிழை ஏதும் இல்லை. ஆனால் இதை எழுதியவர் திருத்துறைப்பூண்டிப் பக்கத்தில் இருக்கிறாரா, திண்டுக்கல்லில் இருக்கிறாரா, ஆணா பெண்ணா, இருபது வயதா அறுபது வயதா என்று என்னால் சொல்ல முடியாது. தன்னை வெளிப்படுத்த வேண்டும் என்று உட்கார்ந்து எழுதிய இந்த வாக்கியத்தில் நீங்கள் எங்கேயும் இல்லை.

இருக்கிறீர்கள், வேறோர் இடத்தில். கடிதத்தின் கடைசியில், தாமதத்துக்குக் காரணம் சொல்வதற்காக, போகிறபோக்கில் இரண்டு வரி எழுதியிருக்கிறீர்கள்: "நேற்றே அனுப்பியிருப்பேன். மூன்று நாளாக அப்பா கொள்முதல் நிலையத்தில்தான் படுத்திருக்கிறார், நெல்லின்மேல் படுதா, படுதாவின்மேல் அப்பா, அவருக்குச் சாப்பாடு கொண்டுபோனேன், மேற்கே கருக்கலாக இருந்தது."

இதைப் படித்துவிட்டு நான் கண்ணாடியைக் கழற்றி வைத்தேன். எந்த மேடைக்காகவும் இல்லை. ஈரப்பதம் 17 விழுக்காட்டைத் தாண்டினால் அரசுக் கொள்முதல் நிலையத்தில் பொதுவாக நெல்லை எடுக்க மாட்டார்கள் என்பதை டெல்டாவில் சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். காய்ந்த நெல் ஒரு தூறலில் நனைந்துவிட்டால் நான்கு மாத உழைப்பு மறுபடி களத்தில் கிடக்க வேண்டும் என்பதும் தெரியும். இவற்றில் எதையும் நீங்கள் விளக்கவில்லை. "என் தந்தை பட்ட துன்பம் சொல்லி மாளாது" என்றும் எழுதவில்லை. நெல், படுதா, அப்பா என்று மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினீர்கள். ஒரு மனிதர் தன் உடம்பையே பாரமாக வைத்துப் படுதா பறக்காமல் காக்கிறார் என்பது எனக்குத் தெரிந்துவிட்டது. அதைவிட முக்கியம், அதைப் பார்த்துக்கொண்டு தூக்குவாளியோடு நிற்கிற மகள் எப்படிப்பட்டவர் என்பதும் தெரிந்துவிட்டது. உங்களைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாத அந்த வாக்கியத்தில்தான் நீங்கள் முழுதாக இருக்கிறீர்கள். உங்கள் முதல் கேள்விக்கும் இரண்டாவது கேள்விக்கும் விடையை நீங்களே எழுதி, மன்னிப்புக் கேட்கும் வரியில் ஒளித்து வைத்திருக்கிறீர்கள்.

இதை நான் எந்த இலக்கியக் கூட்டத்திலும் கற்றுக்கொள்ளவில்லை. நூலகத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், எழுதப் படிக்கத் தெரியாத பெண்கள் வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகளுக்குக் கடிதம் எழுதிக் கொடுக்கச் சொல்லி வருவார்கள். ஒரு கிழவி மாதம் ஒருமுறை, வெளிநாட்டுக்கு எழுதும் அஞ்சல்தாளான நீல நிற ஏரோகிராமை முந்தானையில் முடிந்துகொண்டு வருவார். மகன் சிங்கப்பூரில் கட்டட வேலையில் இருந்தான். அவர் சொல்வார், நான் எழுதுவேன். மாடு கன்று போட்டது, கிடாரி, வேலி கட்டியாயிற்று, கீழத்தெருவில் இன்னார் பெண் பெரியவளானாள். எனக்கோ மனம் கேட்கவில்லை. ஒரு தாய் மகனுக்கு எழுதும் கடிதத்தில் பாசமே இல்லையே என்று நினைத்து, "உன்னை நினைத்து நினைத்து ஏங்குகிறேன் மகனே" என்று என் சொந்தச் செலவில் ஒரு வரி சேர்த்துப் படித்துக் காட்டினேன். கிழவி நிமிர்ந்து பார்த்தார்.

"நான் அப்படிச் சொன்னேனா? அதை அடிச்சுடு பாப்பா. அவனே கூலி வேலை பாக்குற எடத்துல அதப் படிச்சுட்டு என்ன பண்ணுவான்? கொல்லைப்பக்கம் வேலி கட்டியாச்சுன்னு நல்லாப் பெருசா எழுது. கட்டாமயே போறோமேன்னு சொல்லிக்கிட்டேதான் பஸ் ஏறுனான்."

அடித்தேன். வேலி என்ற சொல்லைப் பெரிதாக எழுதினேன். மகன் மனத்தில் முள்ளாக இருந்ததை அந்தத் தாய் அறிந்திருந்தார், அதை எடுத்துவிட்டார். அதற்குமேல் பாசம் என்று ஒன்றைத் தனியாக எழுத அங்கே இடமில்லை. தன்னை வெளிப்படுத்துவது என்றால் உள்ளே இருப்பதை வாரி வெளியே கொட்டுவது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அந்தக் கிழவி எதையும் கொட்டவில்லை. எதிரே இருப்பவனுக்கு எது வேண்டும் என்று பார்த்து, தனக்குத் தெரிந்த பொருள்களில் சரியான ஒன்றை எடுத்து வைத்தார். என் எழுத்து ஆசிரியர் யார் என்று யாராவது கேட்டால் அவரைத்தான் சொல்வேன். கையெழுத்துப் போடத் தெரியாது, இடக்கைப் பெருவிரல்தான்.

பெரியவர்களிடமும் இதைப் பார்க்கலாம். பாபநாசம் பக்கத்து உத்தமதானபுரத்தில் 1855இல் பிறந்த உ.வே. சாமிநாதையர் 1940 முதல் ஆனந்த விகடனில் தம் வரலாற்றை வாரந்தோறும் எழுதினார். 1942இல் அவர் மறைந்தபோது அது முடிவு பெறாமலே நின்றது. தலைப்பு "என் சரித்திரம்". ஆனால் அந்த "என்"னைத் தேடிக்கொண்டு உள்ளே போனால் பக்கத்துக்குப் பக்கம் எதிர்ப்படுகிறவர் அவருடைய ஆசிரியர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை. மாயூரத்திலும் திருவாவடுதுறையிலும் ஆசிரியர் வாயால் பாடல்களைச் சொல்லச் சொல்ல, ஏட்டில் எழுத்தாணியால் எழுதிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்த இளைஞராகவே அவர் தம்மைக் காட்டுகிறார். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே ஆசிரியரின் வாழ்க்கையை இரண்டு பாகங்களாகத் தனியே எழுதி முடித்திருந்தவர், தம்முடையதை எழுத உட்கார்ந்தபோதும் மீண்டும் அவரிடமே போகிறார். அதனால் சாமிநாதையர் குறைந்துபோனாரா? அவ்வளவு கூர்ந்து இன்னொருவரைப் பார்க்கத் தெரிந்தவர் என்ற அளவில்தான் நமக்கு அவர் தெரியவருகிறார்.

மூன்றாவது கேள்வி கடினமானது. வீட்டு விஷயத்தை வெளியில் சொல்லலாமா? சின்ன ஊரில், அதுவும் ஒரு பெண், எழுதியதைப் பெரியப்பா மகன் படித்துவிட்டு மாரியம்மன் கோயில் வாசலில் வைத்து விசாரிப்பான் என்ற பயம் கற்பனை அல்ல; எனக்கும் இருந்தது. "உள்ளதை உள்ளபடி துணிந்து எழுது" என்று மேடையிலிருந்து சொல்லிவிட்டுப் போகிறவர் மறுநாள் வேறு ஊரில் இருப்பார்; அந்தத் தெருவில் குடியிருக்கப் போகிறவர் நீங்கள். ஆகவே துணிச்சலைப் பற்றிப் பேசாமல், வழியைப் பற்றிப் பேசுகிறேன். கும்பகோணத்தில் பட்டுச் சரிகை வணிகம் செய்த எம்.வி. வெங்கட்ராமுக்குப் பல ஆண்டுகள் காதுக்குள் குரல்கள் கேட்டுக்கொண்டிருந்தன. ஒரு மனிதனுக்கு இதைவிட அந்தரங்கமான, வெளியில் சொல்லக் கூசுகிற துன்பம் வேறு இருக்க முடியாது. அதை அவர் மகாலிங்கம் என்ற ஒருவனுக்கு நேர்ந்ததாக வைத்து "காதுகள்" என்ற நாவலாக எழுதினார். 1993இல் அதற்குச் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. பெயரை மாற்றியது ஒளிந்துகொள்வதற்கு மட்டுமல்ல என்று நினைக்கிறேன். "நான்" என்று எழுதினால் நம்மீதே இரக்கம் வந்துவிடும். "அவன்" என்று எழுதும்போது பத்தடி தள்ளி நின்று பார்க்க முடிகிறது. உங்கள் தந்தையை ஒரு பெரியவர் என்று வையுங்கள். ஊர்ப் பெயரை மாற்றுங்கள். ஆனால் படுதாவை மாற்றாதீர்கள்.

முடிந்தால் முதலில் அவரிடமே படித்துக் காட்டுங்கள். பெரும்பாலான தந்தையர் இதற்கு ஒரே மாதிரிதான் பதில் சொல்வார்கள். "படுதா நம்மளது இல்ல, வாடகைக்கு எடுத்தது, அதை விட்டுட்டியே" என்று ஏதாவது ஒன்றைத் திருத்துவார். அந்தத் திருத்தம் எந்த விமர்சகரின் மதிப்புரையையும்விட உங்களுக்கு உதவும்.

சொற்களைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும், ஏனென்றால் உங்கள் பக்கத்தில் நான் பென்சிலால் வட்டமிட்டது பெரும்பாலும் சொற்களைத்தான். "தானியக் குவியல்" என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் வீட்டில் யாராவது அப்படிச் சொல்வார்களா? அம்பாரம் என்று ஒரு சொல் கைவசம் இருக்கும்போது ஏன் அதைத் தள்ளினீர்கள்? "பயனற்ற மணிகள்" என்பதற்குப் பதில் கருக்காய் என்று எழுதலாம். பதர் வேறு, கருக்காய் வேறு என்று தெரிந்தவர்தானே நீங்கள், அந்த வேற்றுமையே ஒரு கதைக்குப் போதுமே. கடிதத்தின் கடைசி வரியில் எந்தத் தயக்கமும் இல்லாமல் "கருக்கலாக இருந்தது" என்று எழுதிய கைதான் இணைத்த பக்கத்தில் "வானம் தன் துயரத்தை" என்று எழுதியது. மேடைக்குப் போகும்போது பட்டுப்புடவை கட்டிக்கொள்வதுபோல, எழுதும்போது சொல்லுக்கும் உடுத்திவிட வேண்டும் என்று நமக்குப் பள்ளிக்கூடத்தில் பழக்கிவிட்டார்கள். நான் இப்போது எழுதுவதுகூட உடுத்திய தமிழ்தான். அதை அவிழ்க்க எனக்கு வயது கடந்துவிட்டது. எழுத்தாளர் தஞ்சை ப்ரகாஷ் "கதைசொல்லிகள்" என்ற பெயரில் கூட்டங்கள் நடத்தினார். அங்கே கதையைத் தாளைப் பார்த்து வாசிக்காமல் வாயால் சொல்ல வேண்டும். வாய்க்கு வராத சொல் அந்த இடத்தில் தானாக உதிர்ந்துவிடும். உங்களுக்குக் கூட்டம் வேண்டாம். சாப்பாடு கொண்டுபோன அந்த மாலையை, அண்டை வீட்டுப் பெண்ணிடம் ஒருமுறை சொல்லுங்கள், சொன்ன வரிசையிலேயே வந்து எழுதுங்கள்.

யார் படிப்பார்கள்? இது மட்டும் என் துறை. இந்திய நூலகவியலின் தந்தை எனப்படும் எஸ்.ஆர். ரங்கநாதன் 1892இல் நம் சீர்காழியில் பிறந்தவர். 1931இல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகளில் மூன்றாவது, ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் உண்டு என்பது. பயிற்சியின்போது இதை மனப்பாடம் செய்தேனே தவிர நம்பவில்லை. அலமாரியில் யாரும் தொடாத புத்தகங்களை வாரம் ஒருமுறை தூசி தட்டியவள் நான். நூலகப் புத்தகத்தின் கடைசியில் ஒட்டியிருக்கும் தேதிச்சீட்டைப் பார்த்திருப்பீர்கள். மெலிந்த சிறுகதைத் தொகுப்பு ஒன்றின் சீட்டில் பதினோரு ஆண்டுகளில் ஒரே ஒரு முத்திரை விழுந்திருந்தது. கழிவுப் புத்தகப் பட்டியலில் சேர்ப்பதற்காக அதைத் தனியே எடுத்து வைத்திருந்தேன். ஒருநாள் அரிசி ஆலையில் கணக்கு எழுதுகிற ஒருவர் வந்து, அந்தப் புத்தகம் எங்கே என்று இடத்தைக் காட்டிக் கேட்டார். அந்த ஒற்றை முத்திரை அவருடையது; பதினோரு ஆண்டுகளாக மனத்தில் வைத்திருந்து மறுபடி படிக்க வந்திருக்கிறார். பட்டியலிலிருந்து அடித்துவிட்டேன். உங்களுக்கு எத்தனை பேர் கிடைப்பார்கள் என்று என்னால் வாக்குக் கொடுக்க முடியாது. அளவைப் பற்றியும் கவலைப்படாதீர்கள். சிதம்பரத்தில் வாழ்ந்த மௌனி வாழ்நாள் முழுக்க எழுதியது ஏறக்குறைய 24 கதைகள்தான், இன்றும் தேடிப் படிக்கிறார்கள்.

எப்போது எழுதுவது, எதில் எழுதுவது, யாருக்கு அனுப்புவது என்பதெல்லாம் பிறகு. இப்போதைக்கு அந்தப் பேச்சாளரின் உரையை மறுபடி கேட்காதீர்கள்; கைப்பேசியில் பதிவு செய்து வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள், ஆறு மாதத்துக்கு அதைத் திறக்க வேண்டாம். இணைத்த பக்கத்தைக் கிழிக்கவும் வேண்டாம், என் பன்னிரண்டு பக்கங்களைப்போலப் பரணில் போட்டு வையுங்கள்.

எனக்கு ஒன்று தெரிய வேண்டும். கடிதம் கிடைத்த நாளிலிருந்து அதுதான் மனத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. மேற்கே கருக்கலாக இருந்தது என்று எழுதிவிட்டு நிறுத்திவிட்டீர்கள். அன்று இரவு மழை பெய்ததா?